‘ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது’: புரொஸ்டேட் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு வன்னி வீடு

கொழும்பிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்த வானில் என் கையில் ஒரு காகிதம் இருந்தது. வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. அதை விளங்கப்படுத்திய தாதி சிங்களத்தில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டு, அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாதாம். சைக்கிள் ஓடக்கூடாதாம். முக்கி வெளிக்குப் போகக்கூடாதாம். ஒவ்வொரு நாளும் நடக்கவேணுமாம்.”

அப்பா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். வவுனியா தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார்.

“அப்ப தண்ணி ஆர் அள்ளுறது?”

எங்கள் வீடு பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மட்டும்தான் அங்கே. குளிப்பு, சமையல், பின்வளவில் நிற்கும் கத்தரியும் மிளகாயும், ஒரு பசு என்று எல்லாவற்றுக்கும் கிணற்றில் வாளியால் அள்ள வேண்டும். அண்ணன் 2009 மே மாதத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. நான் வேலைக்காக யாழ்ப்பாணத்தில் அறை எடுத்து இருக்கிறேன். பாரம் தூக்க வேண்டாம் என்று எழுதிய வைத்தியர், வீட்டில் தூக்குவதற்கு இன்னொரு ஆள் இருப்பார் என்று நினைத்திருப்பார். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அந்த ஆள் இல்லை.

இந்தக் கட்டுரையை அப்பாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேரைப் போடாத பிள்ளை. மிச்சத்தைப் போடு. ஆருக்கும் உதவும்” என்றார். நான் வைத்தியர் இல்லை. அப்பாவோடு கிளினிக்குக்குப் போய்க் கேட்டவற்றையும், தேடி வாசித்தவற்றையும், வீட்டில் பிழைவிட்டுப் படித்தவற்றையும் எழுதுகிறேன். உங்கள் உடம்புக்கு உங்களைச் சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் சொல்வதே முதல்.

இரண்டு சத்திரசிகிச்சை, இரண்டு கணக்கு

புரொஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒரு சுரப்பி. சலப்பைக்குக் கீழே, சலம் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம்போல இருக்கிறது. இளவயதில் ஏறத்தாழ 20 கிராம் எடை. வயது போகப்போகப் பலருக்கு இது பெருக்கும். ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கும் ஓரளவு பெருத்துத்தான் இருக்கும். அப்படிப் பெருப்பது புற்றுநோய் அல்ல. குழாய் நெரிபடுவதால் சலம் முக்கிமுக்கிப் போகும், இரவில் நாலைந்து தரம் எழும்ப வேண்டி வரும், சிலருக்கு ஒரேயடியாக அடைத்தும் விடும்.

மருந்துக்கு அடங்காத பெருப்புக்கு அதிகமாகச் செய்யப்படுவது ரி.யு.ஆர்.பி. எனப்படும் சத்திரசிகிச்சை. வயிற்றில் வெட்டு இல்லை. சலத்துவாரத்தின் வழியாகக் கருவியைச் செலுத்தி, குழாயை நெரிக்கும் உட்பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பார்கள். ஒரு சில நாட்களில் சலக்குழாயைக் கழற்றி வீட்டுக்கு விடுவார்கள். ஆனால், வெளியே காயம் தெரியாததால் உள்ளேயும் காயம் இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. பத்து, பதினான்கு நாட்களில் உள்ளே காய்ந்த பொருக்கு கழரும்போது சலம் திடீரெனச் சிவப்பாகப் போகலாம். நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பாரமான வேலைகளுக்கு மூன்று, நான்கு கிழமை பொறுக்க வேண்டும்.

அப்பாவுக்குச் செய்தது வேறு. அவருக்கு இருந்தது புற்றுநோய். அது சுரப்பிக்கு வெளியே பரவவில்லை என்பதால் முழுச் சுரப்பியையும் அகற்றினார்கள். நடுவில் இருந்த சுரப்பி போனதும், சலப்பையின் வாயை இழுத்து சலக்குழாயோடு நேரடியாகத் தைக்க வேண்டும். அந்தத் தையல் பொருந்தும்வரை ஒன்று முதல் மூன்று கிழமைக்குக் குழாய் இருக்கும். அதன் பிறகும் உடம்பு தேறுவதை மாதங்களில்தான் எண்ண வேண்டும்.

இந்த வித்தியாசம் ஊரில் தெரிவதில்லை. அப்பாவைப் பார்க்க வந்த ஒருவர், “என்ர மச்சானுக்கும் இதே ஒப்பரேசன்தான். ஒரு மாசத்தில வயலுக்கு இறங்கிட்டார்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அப்பா தனக்கு ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். உங்களுக்குச் செய்தது எது என்று வைத்தியரிடம் தெளிவாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவரின் நாட்காட்டி உங்களுக்குப் பொருந்தாது.

உடம்பில் செல் துண்டு இருந்தால்

சத்திரசிகிச்சைக்கு முன்னர் நடந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அப்பாவை எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு அனுப்பினார்கள். உடம்பில் உலோகம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டபோது அப்பா “இல்லை” என்றார். அவருடைய வலது தொடையில் 2009இல் ஏறிய செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அம்மாதான் இடையில் புகுந்து சொன்னார்.

ஏன் மறைத்தீர்கள் என்று பிறகு கேட்டேன். “எங்க பட்டது, எப்பிடிப் பட்டது எண்டு கேட்டா என்ன சொல்லுறது?” என்றார்.

எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பலமான காந்தம். உடம்புக்குள் இருக்கும் உலோகத்தை அது அசைக்கலாம், சூடாக்கலாம். கண்ணுக்கு அருகில், முள்ளந்தண்டுக்கு அருகில், இரத்தக் குழாய்க்கு அருகில் துண்டு இருந்தால் ஆபத்து மிகப் பெரியது. அப்பாவுக்கு முதலில் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவெடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது துண்டு இருக்கும் இடம். அது வந்த கதையை யாரும் கேட்கவில்லை. எங்கள் மக்களில் எத்தனையோ பேர் இப்படித் துண்டுகளோடு வாழ்கிறார்கள். எந்த ஸ்கானுக்குப் போனாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படலையிலிருந்து கிணற்றடிவரை

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அப்பா நடக்கத் தொடங்கினார். படலையிலிருந்து கிணற்றடிவரை நாற்பது அடி வைக்கலாம். போய் வந்து கதிரையில் இருப்பார். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் ஒரு தரம். முதல் கிழமை இவ்வளவுதான். களைப்பு வரும் முன்னர் நிறுத்துவதுதான் கணக்கு.

ஏன் நடக்க வேண்டும்? சத்திரசிகிச்சைக்குப் பிறகு படுத்தே இருந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. நடந்தால் கால் தசைகள் இரத்தத்தை மேலே தள்ளும். குடலும் அசையும், மலச்சிக்கல் குறையும். மலச்சிக்கல் சின்ன விடயமாகத் தெரியலாம். ஆனால், முக்கும்போது வரும் அழுத்தம் நேரே உள்ளேயிருக்கும் தையலில்தான் விழும். அம்மா கீரையும் பப்பாசிப்பழமும் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். அதற்கும் சரிவரவில்லை என்றால் மலத்தை இளக்கும் மருந்தை வைத்தியரிடம் கேட்கலாம்.

குழாய் இருக்கும் நாட்களில் யூரின் பாக் எப்போதும் சலப்பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயர்த்தினால் சலம் திரும்பி உள்ளே போகும், கிருமி தொற்றும். குழாய் இழுபடாமல் தொடையில் ஒட்டியோ கட்டியோ வைக்க வேண்டும். குழாய் நுழையும் இடத்தை நாள்தோறும் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு மெதுவாகக் கழுவ வேண்டும். வைத்தியர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாவிட்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ இரண்டு லீற்றர் குடிக்கலாம். இருதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் அளவைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

பாரம் என்றால் எவ்வளவு?

ஆறு கிழமைக்கு நான்கு, ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்பதுதான் அப்பாவுக்குச் சொன்ன அளவு. கிலோ என்று சொன்னால் அப்பாவுக்கு அரிசியும் சீனியும்தான் நினைவுக்கு வரும். தண்ணீரையும் மாட்டையும் யாரும் நிறுப்பதில்லை. நான் லீற்றரில் சொன்னேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. ஆகவே ஐந்து லீற்றர் கான் நிரம்பினால் அதுதான் உச்சம். கிணற்று வாளி அதைவிடப் பெரியது. குடம் அதைவிடப் பெரியது. வீட்டுக்கு வாங்கும் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது, இரும்பின் எடையும் சேர, அதன் இரண்டு மடங்குக்கு வரும். அப்பா கானை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது பேரப்பிள்ளையள் தூக்குற பாரம்” என்றார்.

நான்காம் கிழமை நான் யாழ்ப்பாணம் திரும்பிய அடுத்த நாள், அம்மா சந்தைக்குப் போன நேரத்தில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க இரண்டு வாளி அள்ளிவிட்டார். பின்னேரம் சலம் சிவப்பாகப் போனது. அம்மா அழுதபடி தொலைபேசி எடுத்தார். ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போனார்கள். கட்டிகள் இல்லை, அடைப்பு இல்லை என்று பார்த்து, ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். பாரம் தூக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் கீழ்நோக்கித்தான் தள்ளும் என்று அங்கிருந்த வைத்தியர் படம் கீறிக் காட்டினாராம். அந்தப் படத்தை அப்பா இன்னும் வைத்திருக்கிறார். கொழும்பிலேயே யாராவது தமிழில் கீறிக் காட்டியிருந்தால் அந்த இரண்டு வாளியும் நடந்திராது.

தண்ணீருக்கு வழி சொன்னது பக்கத்து வளவு அண்ணா. 2009இல் புதுமாத்தளனில் முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாதவர். சக்கர நாற்காலியில் இருந்தபடி திறக்கக்கூடிய உயரத்தில் பைப் வைத்து, கிணற்றுக்கு மோட்டர் போட்டிருக்கிறார். வேலிக்கு மேலால் ஒரு ஹோஸ் குழாயை எங்கள் வளவுக்கு விட்டார். காலையும் மாலையும் அரை மணித்தியாலம். கரண்ட் காசை அப்பா கொடுக்கப் போக, கத்தரிக்காயாகத் தரச் சொன்னார்.

கோயில் வாசலுக்குப் போகாத மனிதர்

குழாயைக் கழற்றிய அன்று அப்பா சந்தோசமாக இருந்தார். அடுத்த நாளிலிருந்து வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

இருமினால் சலம் கசிந்தது. கதிரையிலிருந்து எழும்பினால் கசிந்தது. சலத்தை அடக்க எங்களுக்கு இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்று சலப்பையின் வாயில், மற்றது புரொஸ்டேட்டுக்குக் கீழே. முழுச் சுரப்பியையும் அகற்றும்போது மேல்பூட்டின் வேலை பெரும்பாலும் இல்லாமல் போகும். இதுவரை உதவிக்கு நின்ற கீழ்ப்பூட்டு இனித் தனியே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அதற்குப் பலம் வர நாள் எடுக்கும். பெரும்பாலானோருக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் தெரியும். ஒரு வருடம்வரை தொடர்ந்து முன்னேறலாம். அப்படியும் நிற்காத சிலருக்கு வேறு சிகிச்சைகள் உண்டு.

இதை அப்பாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. இனி இப்படித்தான் என்று அவர் நினைத்தார்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தில் அம்மாவும் இருக்கிறார். அம்மாவை பஸ்சுக்கு சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் விடுவது அப்பாதான். முக்கியமான நாட்களில் தானும் போய் அண்ணனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். இப்போது அம்மா தனியே நடந்து போனார். ஏன் வரவில்லை என்று அங்கே கேட்டவர்களுக்கு “காய்ச்சல்” என்றார். ஒன்றரை மாதமாக அந்தக் காய்ச்சல் மாறவில்லை.

நான் கேட்டதற்கு அப்பா சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னார். “சலம் சிந்தின உடுப்போட கோயில் வாசல்ல என்னண்டு இருக்கிறது பிள்ளை?”

இப்படியானதை ஒரு மகனோடு பேசியிருப்பாரோ தெரியாது. மகளோடு பேச அவருக்கு அந்த ஒரு வசனத்துக்கு மேல் வரவில்லை. எனக்கும் மேலே கேட்க வாய் வரவில்லை. நான் பக்கத்து வளவு அண்ணாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் அன்று பின்னேரமே சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மாவையும் என்னையும் குசினிக்குள் அனுப்பிவிட்டு அப்பாவோடு கதைத்தார். குரல் எங்களுக்குக் கேட்டது. “ஐயா, எனக்கு இருபத்திரண்டு வயசில இருந்து குழாயும் பாக்கும். உங்களுக்கு அது ரெண்டு கிழமை. இப்ப கொஞ்சம் கசியுது. அதுக்கேன் ஒளிச்சிருக்கிறியள்?”

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் வன்னியில் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சலக்குழாய், பாட், கிருமித்தொற்று, புண் இவையெல்லாம் அவர்களுக்கு அன்றாடம். கூச்சமில்லாமல் சொல்லித்தரக்கூடிய அறிவு எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கிறது. நாங்கள்தான் கேட்பதில்லை.

அண்ணா சொன்னவற்றை அப்பா ஒரு கொப்பியில் எழுதினார்:

பாட் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோல் அவியும். பெரிய பம்பர்ஸ் எல்லா நேரமும் தேவையில்லை, பகலில் சின்ன பாட்டும் இறுக்கமான உள்ளாடையும் போதும். வெளியே போகும்போது ஒரு பையில் மாற்றுச் சாரம், இரண்டு பாட், ஒரு பொலித்தீன். போகும் இடத்தில் முதல் வேலை மலசலகூடம் எங்கே என்று கேட்பது. காலையில் கசிவு குறைவு, பின்னேரம் தசை களைத்துவிடுவதால் கூட, ஆகவே வெளி வேலைகளைக் காலையில் வைத்துக்கொள்வது. தேத்தண்ணியைக் குறைப்பது. ஆனால் தண்ணீரைக் குறைக்கக்கூடாது.

கடைசியாகச் சொன்னதில்தான் அப்பா பிழை விட்டிருந்தார். கசிவுக்குப் பயந்து நாளுக்கு மூன்று கோப்பைக்கு மேல் குடிக்கவில்லை. சலம் தடித்து மஞ்சளானால் சலப்பைக்கு எரிச்சல் கூடும், அடிக்கடி வரும், கிருமியும் தொற்றும்.

தெரியாமல் இருக்கும் தசை

அடுத்த கிளினிக்கில் நாங்கள் கேட்டு வாங்கியது ஓர் இயன்மருத்துவரின் பத்து நிமிடம். எங்கள் மாவட்டத்திலேயே, தமிழிலேயே. அதற்கு முன்னர் இருந்த இரண்டு மாதத்தைவிட அந்தப் பத்து நிமிடம் பெரியது.

இடுப்பின் அடித்தளத்தில், முன்னே இருந்து முள்ளந்தண்டின் வால்வரை ஊஞ்சல்போல ஒரு தசைப்படுக்கை இருக்கிறது. இதற்கான பயிற்சியை 1948இல் அமெரிக்கப் பெண்நோயியல் வைத்தியர் ஆர்னோல்ட் கேகல் பிரசவித்த பெண்களுக்காக எழுதினார். ஆண்களுக்கும் அதே தசைதான், அதே பயிற்சிதான்.

எந்தத் தசை என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். பலர் நடுவில் காற்றுப் பிரிய வந்தால் எப்படி இறுக்கிப் பிடிப்போமோ, போய்க்கொண்டிருக்கும் சலத்தை எப்படி இடையில் நிறுத்துவோமோ, இரண்டையும் சேர்த்து உள்ளே, மேலே இழுக்க வேண்டும். சரியாகச் செய்தால் ஆணுறுப்பின் அடி சற்று உள்ளே இழுபடும், விதைப்பை சற்று உயரும். வயிறு, தொடை, பிட்டம் இறுகக்கூடாது. மூச்சை அடக்கக்கூடாது.

முதலில் மூன்று செக்கன் இறுக்கி, அதேயளவு நேரம் தளர்த்த வேண்டும். நாள் போகப்போக பத்து செக்கன்வரை கூட்டலாம். ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று தடவை. அதன்பிறகு சட்டென்று இறுக்கி விடுவது பத்து. முதலில் படுத்தபடி, பிறகு இருந்தபடி, பிறகு நின்றபடி. குழாய் உள்ளே இருக்கும்போது செய்யக்கூடாது. சலம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது. இருமும் முன்னர், எழும்பும் முன்னர், எதையாவது தூக்கும் முன்னர் ஒருமுறை இறுக்கிக்கொள்ளப் பழகினால் கசிவு நன்றாகக் குறையும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடனேயே தொடங்குவது இன்னும் நல்லது.

அப்பா காலையில் திருநீறு பூசியபின் ஒருமுறை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, இரவு படுக்கையில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டார். முதலில் நாளுக்கு ஆறு பாட். மூன்றாம் மாதம் முடியும்போது இரண்டு. ஆறாம் மாதத்தில் ஒன்று, அதுவும் பெரும்பாலும் காய்ந்தபடி.

சைக்கிள் எப்போது?

கொழும்பில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். எங்கள் ஊரில் சைக்கிள்தான் கடை, வயல், கோயில், பஸ் எல்லாம். அப்பாவின் பழைய லுமாலா சைக்கிள் விறாந்தையில் காற்றுப் போய் நின்றது.

சைக்கிள் இருக்கை அழுத்தும் இடம், உள்ளே தைத்த இடத்துக்கு நேர் கீழே. அதனால்தான் தடை. முழுச் சுரப்பியும் அகற்றியவர்களுக்கு ஆறு கிழமை முதல் மூன்று மாதம்வரை காத்திருக்கச் சொல்வது வழக்கம். மோட்டார் சைக்கிளுக்கும் இதேபோலக் கேட்டு நடக்க வேண்டும்.

அப்பாவின் ஒழுங்கு இப்படி இருந்தது. முதல் ஆறு கிழமை நடை மட்டும், ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம்வரை. ஆறு கிழமை கழித்து வைத்தியர் பார்த்த பின்னர் அரை வாளித் தண்ணீர், முற்றம் கூட்டுதல், சின்ன மண்வெட்டி வேலை. மூன்றாம் மாதம் சைக்கிள், அகன்ற இருக்கை மாற்றி, காரியரில் பாரம் இல்லாமல், தார் வீதியில் மட்டும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தோட்டம். நோவோ புதிய கசிவோ இரத்தமோ வந்தால் ஒரு படி இறங்கி, வைத்தியரிடம் கேட்பது. வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அப்பா அந்தக் கணக்கை நான்காம் மாதம் எட்டினார்.

அறைக்குள் பேசாத விடயம்

இதை எழுத எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால், எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை அரைவாசிதான்.

ஆணுறுப்பு எழுச்சிக்கான நரம்புகள் புரொஸ்டேட்டின் இரு பக்கத்திலும் ஒட்டிப் போகின்றன. சுரப்பியை அகற்றும்போது அவை காப்பாற்றப்பட்டாலும் அதிர்ச்சிக்கு உள்ளாகும். திரும்பிவர மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருடம்வரை ஆகலாம், சிலருக்கு முழுமையாகத் திரும்பாது. இதற்கு மாத்திரை, ஊசி, கருவி என்று சிகிச்சைகள் உண்டு. இருதய நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைற்றிரேற் மாத்திரை பாவிப்பவர்கள், கடையில் யாரோ சொன்னதை நம்பி இந்த மாத்திரைகளை எடுத்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக விழும். வைத்தியரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ரி.யு.ஆர்.பி. செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சலப்பைக்குள் போய், பிறகு சலத்தோடு கலந்து வெளியேறும். அதனால் உடம்புக்குத் தீங்கில்லை. முன்கூட்டித் தெரியாதவர்கள் தங்கள் ஆண்மையே போய்விட்டது என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறார்கள். மனைவியோடும் பேசுவதில்லை, வைத்தியரோடும் பேசுவதில்லை. ஒரு கேள்விதான். கேட்கலாம்.

எப்போது ஓட வேண்டும்?

பின்வருவன வந்தால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. சலம் ஒரேயடியாக நின்றுவிட்டால். குழாயில் சலம் வராவிட்டால், அல்லது குழாய் கழன்றுவிட்டால். அதைத் தாங்களாகவே திரும்பப் போட முயலக்கூடாது. இரத்தக் கட்டிகள் வந்தால், அல்லது சிவப்பு தெளியாமல் தடித்துக்கொண்டே போனால். குளிர்க்காய்ச்சல் வந்தால். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தால். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால். கடைசி இரண்டுக்கும் 1990 அம்புலன்ஸை அழைக்கலாம், அது இலவசம்.

புற்றுநோய்க்குச் செய்தவர்கள் உடம்பு தேறிவிட்டது என்று பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. முழுச் சுரப்பியும் போனபின் அந்த அளவு மிகமிகக் குறைந்து நிற்க வேண்டும். மறுபடி ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் தொடர் கிளினிக்கின் நோக்கம்.

இனி

இலங்கையில் இந்தச் சத்திரசிகிச்சைகள் அரச வைத்தியசாலைகளில் இலவசம். அதன் பெறுமதி எங்களுக்குத் தெரியும். குறைவது அதற்குப் பிறகு வரும் பகுதி. தமிழில் ஒரு பக்கக் காகிதம். சத்திரசிகிச்சைக்கு முன்னரே இயன்மருத்துவரின் பத்து நிமிடம். “வீட்டில் யார் இருக்கிறார்கள், தண்ணீர் எப்படி எடுக்கிறீர்கள்?” என்று ஒரு கேள்வி. இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஐந்தாம் மாதம் அப்பா கந்தசுவாமி கோயிலடிக்குப் போனார். அம்மாவை சைக்கிளில் ஏற்ற இன்னும் அனுமதி இல்லை, ஆகவே இருவரும் பஸ்சில் போனார்கள். கறுப்புச் சாரம், தோளில் ஒரு பை. போனதும் மலசலகூடம் எங்கே என்று கேட்டிருக்கிறார். இரண்டு மணித்தியாலம் அண்ணனின் படத்தோடு இருந்திருக்கிறார்.

அங்கே அவருடைய வயதை ஒத்த ஒருவர் பக்கத்தில் வந்திருந்து, இரவில் நாலைந்து தரம் எழும்ப வேண்டியிருக்கிறது, ஆரிட்டயும் சொல்லேல்லை என்றாராம். அப்பா பையிலிருந்து கொப்பியை எடுத்திருக்கிறார்.